ஆராதனையிலும் அருட்பணியிலும் நலமுள்ள சபை: சேகரக் கமிட்டியாருக்கும் சபையாருக்கும் ஒரு வழிகாட்டி

அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அந்தியோகியா சபையின் தலைவர்கள் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தப்படுகிறார்கள். சீப்புரு தீவைச் சேர்ந்த பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதுவுடனே வளர்ந்த மனாயீன், ஒரு காலத்தில் சபையைத் துன்புறுத்திய சவுல் என ஐந்து பேரும் ஐந்து வகையான பின்னணியிலிருந்து வந்தவர்கள். இவர்கள் ஒன்றுசேர்ந்து ஆராதனை செய்து உபவாசித்துக்கொண்டிருந்த வேளையில்தான், பர்னபாவையும் சவுலையும் வெளியே அனுப்பும்படியான கட்டளை சபைக்கு வந்தது. ஆராதனையும் அருட்பணியும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றாக உட்கார முடிந்தவர்களால்தான் ஒன்றாக ஒருவரை அனுப்பவும் முடிந்தது.

இந்த வழிகாட்டி தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலி, தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலங்களின் கிராம, சிறுநகரச் சேகரங்களை, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளை, மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. மற்றத் திருச்சபையார் தங்கள் முறைமைக்கு ஏற்பப் பொருத்திக்கொள்ளலாம். சபையின் நலத்தை அளக்க நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றே: ஆராதனையில் உண்மையாகப் பங்கெடுப்பவர்கள் யார், பங்கெடுக்க முடியாமல் வெளியே நிற்பவர்கள் யார்? உள்ளே இருப்பவர்களிலேயே சிலரை ஓரத்தில் நிறுத்தி வைத்திருக்கும் சபை, வெளியே இருப்பவர்களிடம் போய் எதைச் சொன்னாலும் அது நெடுநாள் நிலைப்பதில்லை. ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு காரியமும், ஞானப்பாட்டுத் தெரிவு முதல் கல்லறைத் தோட்டம் வரை, இந்தக் கேள்வியிலிருந்தே எழுகிறது.

பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையிலும் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையிலும் ஆலயம் நிரம்பி வழிவதைக் கண்டு சபை நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஆண்டின் மிகச் சாதாரணமான ஒரு ஞாயிற்றுக்கிழமையை, மழையில்லாத, பண்டிகையில்லாத, யாருடைய திருமணமும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்துகொண்டு, சபைக் குடும்பப் பட்டியலையும் நற்கருணையாகிய திருவிருந்தின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று மாதங்களாக ஆலயத்திற்கு வராத வீடுகள் எவை, திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளும் திடப்படுத்தல் சடங்கைப் பெற்றும் அதற்கு வராத இளைஞர் யார், படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்குக் கடைசியாக எப்போது நற்கருணை கொடுக்கப்பட்டது என்பவற்றை எழுதுங்கள். பட்டியல் கமிட்டி அறையில் வாசிக்கப்படுவதற்காக எழுதப்படுவதன்று. குருவானவர், சபை ஊழியர், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஆகியோர் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து அந்த வீடுகளுக்குப் போவதற்காகவே எழுதப்படுகிறது.

போகும்போது, சபையார் செலுத்த வேண்டிய சங்கக் காணிக்கைப் பாக்கியைப் பற்றிப் பேசாதிருப்பது நல்லது. பல வீடுகளில் ஆலயத்திலிருந்து ஆள் வந்தாலே பணம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணும் நிலை உள்ளது. அந்த எண்ணத்தை மாற்றுவதே முதல் சந்திப்பின் வேலை. ஏன் வரவில்லை என்று கேட்பதைவிட, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் காரணம் தானாக வரும். மகளின் கலப்புத் திருமணத்தைக் குறித்து யாரோ சொன்ன சொல்லாக இருக்கலாம், சபைத் தேர்தலில் எதிரணிக்கு வாக்களித்ததால் வந்த கசப்பாக இருக்கலாம், ஞாயிறன்றும் கடையைத் திறந்தாக வேண்டிய நெருக்கடியாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான தீர்வு வேண்டும். கடை வைத்திருப்பவருக்காகவும் ஷிப்டு வேலை பார்ப்பவருக்காகவும் ஞாயிறு மாலை அல்லது வாரநாளில் ஒரு சிறு ஆராதனை வைப்பது பெரும்பாலான சேகரங்களில் முடியக்கூடிய காரியந்தான்.

ஞாயிறு ஆராதனைக்கு வாரம் முழுவதும் ஆயத்தம்

தென்னிந்தியத் திருச்சபை 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் உருவானது. அதன் பின் 1950இல் வெளிவந்த நற்கருணை ஆராதனை முறைமை, ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, சபைத்தலைமை முறை (காங்கிரிகேஷனல்), பிரஸ்பிட்டேரியன் மரபுகளிலிருந்து வந்தவர்கள் ஒரே பந்தியில் நிற்கும்படி அமைக்கப்பட்டது. அந்த முறைமையில் ஆயர் மக்களை நோக்கி நிற்கிறார், வேதாகமம் பவனியாகக் கொண்டுவரப்படுகிறது, பந்தியிலிருந்து தொடங்கும் சமாதான வாழ்த்து கைமேல் கை வைத்து ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சபை முழுவதும் கடந்து செல்கிறது. இவையெல்லாம் சபையாரைப் பார்வையாளர் நிலையிலிருந்து எழுப்பி ஆராதிப்பவராக்குவதற்கென்று ஏற்படுத்தப்பட்டவை. எனவே முறைமையை மனப்பாடமாக ஓட்டிவிடும் சபை, கையிலிருக்கும் ஒரு பெரும் கொடையைத் திறந்து பாராமலே வைத்திருக்கிறது.

நடைமுறையில் இதைச் செய்யும் வழி இது. ஒவ்வொரு புதன் அல்லது வியாழன் மாலையிலும் குருவானவர், பாடகர் குழுத் தலைவர், அந்த வாரம் வேதபாடம் வாசிப்பவர்கள், விண்ணப்ப ஜெபம் ஏறெடுப்பவர் ஆகியோர் ஒரு மணி நேரம் கூடட்டும். திருச்சபைப் பஞ்சாங்கத்தில் குறிக்கப்பட்டுள்ள அந்த ஞாயிற்றின் பாடங்களை எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கட்டும். பிரசங்கம் எந்தப் பாடத்தின்மேல் அமையும் என்பதைக் குருவானவர் அப்போதே சொல்லிவிட்டால், பாடல்களும் ஜெபங்களும் அதோடு இசைந்து வரும். பிரசங்கத்திற்கும் இதனால் நன்மை உண்டு. புதன்கிழமை மாலையில் ஒரு பனைத்தொழிலாளியோ ஒரு செவிலியரோ அந்த வேதபகுதியைக் குறித்துக் கேட்கும் கேள்வி, எந்த விளக்கவுரையிலும் கிடைக்காத வெளிச்சத்தைப் பிரசங்கியாருக்குத் தருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வேதபாடம் வாசிப்போரின் பட்டியலைக் கவனித்துத் தயாரியுங்கள். ஆண்டு முழுவதும் ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற அரசு அலுவலர்களும் மாத்திரமே வாசிக்கும் சபைகள் உண்டு. பழைய திருப்புதல் வேதாகமத்தின் தமிழ் எளிதானதன்று என்பது உண்மையே. ஆயினும் ஒரு வாரம் முன்பே பகுதியைக் கொடுத்து, இரண்டு முறை வாசித்துப் பழக்கினால், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவரும் தெளிவாக வாசிப்பார். வாசிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர் வேதாகமத்திலுள்ள சங்கீதம் ஒன்றை மனப்பாடமாகச் சொல்லக்கூடுமானால் அவருக்கு இடம் கொடுங்கள்.

விண்ணப்ப ஜெபம் பல சபைகளில் பொதுச் சொற்களால் நிறைந்து, யாரையும் தொடாமல் கடந்துபோகிறது. அதில் ஊர் இருக்க வேண்டும். குடிநீர் வராத தெரு, உப்பளத்தில் வெயிலில் நிற்கும் பெண்கள், பீடி சுற்றும் வீடுகள், தேர்வு எழுதும் பிள்ளைகள், ஊராட்சித் தலைவர், அடுத்த தெருவில் இறந்துபோன இந்து அல்லது இஸ்லாமிய அயலார், அவரது குடும்பம் ஆகியவை சொல்லப்பட வேண்டும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணும்படி எரேமியா எழுதினார். சிறைபிடித்தவனின் ஊருக்காகவே ஜெபிக்கச் சொல்லப்பட்டிருக்க, சொந்த ஊருக்காக ஜெபியாமல் இருப்பது எப்படி? அருட்பணியின் முதல் படி இங்கேதான் இருக்கிறது. ஞாயிறன்று யாருடைய பெயரைச் சொல்லி ஜெபித்தோமோ அவருடைய வீட்டிற்குத் திங்கட்கிழமை போவது இயல்பாகிவிடுகிறது.

அறிவிப்புகள் ஐந்து நிமிடத்திற்குள் அடங்கட்டும். மீதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். புதிதாக வருபவருக்கு ஜெபப் புத்தகத்தின் பக்க எண்ணைச் சொல்வதும், பக்கத்தில் உட்காருபவர் புத்தகத்தைத் திறந்து நீட்டுவதும் சிறிய காரியங்களே. ஆனால் அவர் மறுபடி வருவாரா என்பதைப் பிரசங்கத்தைவிட இவையே அதிகம் தீர்மானிக்கின்றன.

பாடல்

நமக்குப் பாடலில் குறைவில்லை. 1774இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், இராகமும் தாளமும் அமைத்து எழுதிய கீர்த்தனைகள் இன்றும் கல்லாதவர் நாவிலும் நிற்கின்றன. ஞானப்பாட்டுப் புத்தகமாகிய பாமாலையின் மெட்டுகள் ஐரோப்பிய மரபிலிருந்து வந்து தலைமுறைகளாக நம்முடையவையாகிவிட்டன. இவற்றோடு கடந்த சில பத்தாண்டுகளில் எழுந்த புதிய பாடல்களும் உள்ளன. மூன்றுக்கும் ஆராதனையில் இடம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீர்த்தனையை முதியோருக்கும் புதிய பாடலை இளைஞருக்கும் பிரித்துக் கொடுத்து, முதல் ஆராதனை, இரண்டாம் ஆராதனை என்று தனித்தனியே நடத்திவிட்டால் சண்டை நிற்கும். ஆனால் பேரனும் பாட்டியும் ஒரே பாடலைப் பாடும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

பாடலைத் தெரிந்தெடுக்கும்போது, சபை இதைச் சேர்ந்து பாட முடியுமா என்பதை முதலில் பாருங்கள். சுருதி மிக உயரமாக இருந்தால் ஆண்களில் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள். கீபோர்டும் டிரம்ஸும் ஒலிபெருக்கியும் சபையின் குரலை அமுக்கிவிடும் அளவுக்குப் போனால், பாடகர் குழு பாட மற்றவர்கள் கேட்கும் கச்சேரியாக ஆராதனை மாறிவிடுகிறது. மாதத்தில் ஒரு பாடலையாவது இசைக்கருவிகள் இல்லாமல் சபை முழுவதும் பாடும்படி வைத்துப் பாருங்கள். சபையின் உண்மையான குரல் எவ்வளவு என்பது அப்போது தெரியும். அதை வளர்ப்பதுதான் பாடகர் குழுவின் வேலை.

ஆயினும் நல்ல பாடல் மாத்திரமே சபையை நலமாக்கிவிடாது. இத்தனை அருமையான கீர்த்தனைகளைத் தந்த அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க அன்றைய மிஷனெரிமார் எடுத்த முயற்சியை எதிர்த்து எழுதினார் என்பதும் வரலாறு. அவருடைய பாடலை நன்றியோடு பாடுகிற நாம், இதையும் மறைக்காமல் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தச் சிக்கல் நம்மைவிட்டு இன்னும் போகவில்லை.

கர்த்தருடைய பந்தியும் கல்லறைத் தோட்டமும்

கல்கத்தா பேராயராக இருந்த டேனியல் வில்சன் 1833இல் எழுதிய சுற்றுக்கடிதத்தில், சபைக்குள் சாதி வேறுபாடு உறுதியாகவும் உடனடியாகவும் முற்றிலுமாகவும் விடப்பட வேண்டும் என்று கட்டளையிட்டார். தனித்தனியே உட்காருவதும், திருவிருந்துக்கு முந்தியும் பிந்தியும் வருவதும் அன்று நடைமுறையாயிருந்தன. அந்தக் கட்டளையை ஏற்காமல் தஞ்சையிலும் பிற இடங்களிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கடந்த பிறகும், திருவிருந்துப் பாத்திரம் ஒன்றாகிவிட்டதே தவிர, பந்திக்கு வெளியே பல பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை இந்தப் பின்னணியில் வாசித்துப் பாருங்கள். ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வயிறார உண்டு முடிக்கும் கூட்டத்தில் நடப்பது கர்த்தருடைய இராப்போஜனமே அன்று என்று அவர் சொல்லிவிடுகிறார். முறைமையில் ஒரு சொல்லும் பிழையாமல் இருந்தாலும் பந்தி பந்தியாகாமல் போகக்கூடும் என்பதுதான் அதன் பொருள்.

இதைச் சீர்செய்ய ஒரு பிரசங்கம் போதாது. நான்கு இடங்களில் சபை தன்னைத் தானே சோதிக்க வேண்டும். முதலாவது, கமிட்டி உறுப்பினர், சபைச் செயலர், பொருளாளர், திருமண்டலப் பெருமன்றப் பிரதிநிதி ஆகிய பொறுப்புகளில் கடந்த மூன்று தவணைகளில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஒரே குடும்ப வட்டமும் ஒரே சமூகமும் திரும்பத் திரும்ப வருமானால் அது தற்செயலன்று. பெண்களின் எண்ணிக்கையையும் அதே பட்டியலில் பாருங்கள். இரண்டாவது, அசனப் பண்டிகை. எங்கள் பகுதியில் ஊரார் அனைவரும், மற்றச் சமயத்தாரும் வந்து உண்ணும் அசன விருந்து ஓர் அரிய மரபு. அதைக் கர்த்தருடைய பந்தியின் நீட்சியாகவே நான் கருதுகிறேன். அங்கே சமைப்பவர் யார், பரிமாறுபவர் யார், முதல் பந்தியில் உட்காருபவர் யார், இலை எடுப்பவர் யார்? இந்த வேலைகள் எப்போதும் ஒரே தெருவினருக்கே விழுகின்றனவா? சுழற்சி முறையில் மாற்றுவது கமிட்டியின் ஒரே ஒரு தீர்மானத்தால் முடியும்.

மூன்றாவது, கல்லறைத் தோட்டம். சுவர் எழுப்பிப் பிரிக்கப்பட்டதாகவோ, எழுதப்படாத வழக்கத்தால் பிரிக்கப்பட்டதாகவோ அது இருக்குமானால், ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் பரிசுத்தவான்களுடைய ஐக்கியத்தை அறிக்கையிடும் நம் வாய் பொய் சொல்கிறது. அடக்கத்திற்கு வரிசை முறையில் இடம் ஒதுக்கும் எழுத்து மூலமான விதியைக் கமிட்டியில் நிறைவேற்றி, அதை ஆலய அறிவிப்புப் பலகையில் வெளியிடுங்கள். இது சண்டையை உண்டாக்கும். அதை அறிந்தே செய்ய வேண்டும். யாருக்கும் துக்கம் நேராத ஓர் அமைதியான காலத்தில் பேசி முடிப்பது, சவப்பெட்டி வாசலில் நிற்கும்போது பேசுவதைவிட எத்தனையோ மேலானது. நான்காவது, சமாதான வாழ்த்து. நாம் யாருடைய கையைப் பிடிக்கிறோம், யாரைத் தாண்டிப் போகிறோம் என்பதைக் குருவானவரும் கமிட்டியாரும் முதலில் தங்களிடமே கவனித்துத் திருத்திக்கொள்வார்களாக.

ஆலயத்தின் கட்டமைப்பையும் இதே கண்ணோடு பாருங்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை, கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்துப் பாடல் தாள், காது கேளாதவர் இருந்தால் சைகை மொழி தெரிந்த ஒருவர், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு மறைவான ஓர் இடம் ஆகியவை கோபுரத்திற்கு வண்ணம் பூசுவதைவிட முந்தியவை.

பிள்ளைகளும் இளைஞரும்

ஞாயிறு பள்ளியையும் விடுமுறை வேதாகமப் பள்ளியையும் குறித்து நிறைய எழுதப்பட்டிருப்பதால் இங்கே இரண்டு காரியங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது பாதுகாப்பு. பிள்ளைகளோடு பணியாற்றும் எவரும் தனியறையில் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கலாகாது, எந்த வகுப்பிலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், வெளியூர் முகாமிற்குப் பெற்றோரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்பவற்றை விதியாக்குங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றம் நடந்ததாக அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். சபையின் நற்பெயரைக் காப்பதாகச் சொல்லிக் கமிட்டிக்குள்ளேயே பேசி முடிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, இளைஞருக்குக் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதும் கீத பவனியில் பாடுவதும் தவிர உண்மையான பொறுப்பு கொடுங்கள். வேதபாடம், விண்ணப்பம், வீட்டுச் சந்திப்பு, கணக்குப் பரிசோதனை ஆகியவற்றில் அவர்களைச் சேர்த்துக்கொண்டால், கல்லூரிக்காகவும் வேலைக்காகவும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிறகும் அங்கே ஒரு சபையைத் தேடிச் சேரும் பழக்கம் அவர்களிடம் இருக்கும். ஊரைவிட்டுப் போகும் ஒவ்வொருவரையும் ஆராதனையில் முன்னே அழைத்து ஜெபித்து அனுப்புங்கள். அந்தியோகியா செய்ததும் அதுதானே.

காணிக்கை

சபையின் விசுவாசம் எங்கே இருக்கிறது என்பதை வரவுசெலவுக் கணக்கு காட்டிவிடும். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து ஆலயத்திற்குக் கொண்டுவரும் வழக்கத்தை நம் தாய்மார் கைக்கொண்டிருந்தார்கள். மிசோரம் சபைகளில் அதே வழக்கம் இன்றும் மிஷனெரிப் பணியைத் தாங்கி நிற்கிறது. அதிலுள்ள சிறப்பு, மிக ஏழையான வீடும் மற்றெல்லா வீடுகளையும் போலவே கொடுக்க முடிகிறது என்பதே. அறுப்பின் பண்டிகையில் படைக்கப்பட்டவற்றை ஏலம் விடும்போது இந்தச் சமநிலை குலைந்துபோகிறது. ஒரு வாழைத்தாரைப் பல ஆயிரம் ரூபாய்க்கு எடுப்பவரின் பெயர் ஒலிபெருக்கியில் முழங்க, அந்தத் தாரைப் படைத்த விதவையின் பெயரை யாரும் சொல்வதில்லை. ஏலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பெயர் சொல்லிப் போட்டியை வளர்ப்பதை நிறுத்தலாம் என்கிறேன். படைத்தவர்களுக்காகவும் விளைவித்தவர்களுக்காகவும் ஏலத்திற்கு முன் ஜெபிக்கலாம்.

காணிக்கையை எண்ணும்போது ஒரே குடும்பத்தைச் சேராத இருவராவது இருந்து கையெழுத்திடுவதும், மாதக் கணக்கைப் பலகையில் ஒட்டுவதும், ஆண்டுக் கணக்கை வெளியார் ஒருவரைக் கொண்டு தணிக்கை செய்வதும் கட்டாயமாக வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தைப் போடும்போது, சபைக்கு வெளியே செலவிடப்படும் பங்கை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கடைசி வரியில் எழுதப்படுகிற அருட்பணிக்கு மிச்சம் இருப்பதே இல்லை.

வெளியே போகும் வழி

1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் காணிக்கையால் தங்கள் ஆட்களை அனுப்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். பனையேறிகளும் சிறு விவசாயிகளும் கொடுத்த பணம் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்குச் சென்றது. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். தானே தெலுங்கு கற்று அங்கே போய், 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், பொருளையும் உயிரையும் கொடுத்த மேலைநாட்டு மிஷனெரிமாரிடம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் கேட்டார். உதவி செய்பவர்களாக வந்தவர்கள் இந்தியரோடு சமமாக உட்கார்ந்து உண்ணத் தயங்கினார்கள் என்பதே அவருடைய வேதனை. அந்தக் கேள்வி இன்று நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. நம் சபை யாருக்கெல்லாம் உதவி செய்கிறதோ, அவர்களில் எத்தனை பேர் நமக்கு நண்பர்கள்?

ஆகவே அருட்பணியைக் கூட்டமும் மேடையும் போட்டுத் தொடங்க வேண்டாம். ஆலயத்திலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவுக்குள் யார் வாழ்கிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்கள் எந்த விடுதியில் தங்கியிருக்கிறார்கள், தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர், குடியால் சீரழிந்த வீடுகள் எவை, அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாமல் கிடப்பவர் யார் என்பவற்றை விசாரியுங்கள். அவர்களுக்காக நாம் என்ன செய்ய முடியும் என்று அவர்களிடமே கேளுங்கள். நாம் நினைத்துக் கொண்டுபோவதும் அவர்களுக்கு வேண்டியிருப்பதும் பெரும்பாலும் வேறாகவே இருக்கும். பிறகு ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, மூன்று ஆண்டுகள் விடாமல் செய்யுங்கள். மாலை நேரப் படிப்பு மையமானாலும், மருத்துவமனைச் சந்திப்பானாலும், மதுவை விட்டவர்களின் வாரக் கூட்டமானாலும், தொடர்ச்சிதான் நம்பிக்கையை உண்டாக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தில் சேலையும் அரிசியும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வது வாங்குபவரைக் கூசச் செய்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேலாகக் கொட்டித் தீர்த்தது. அப்படிப்பட்ட இரவில் ஆலய மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கும், மேடான இடத்திலுள்ள பள்ளிக்கூடத்தைத் திறக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும், அடுப்பும் பெரிய பாத்திரங்களும் குடிநீரும் எங்கே இருக்கின்றன, படகு வைத்திருப்பவரின் தொலைபேசி எண் என்ன என்பவற்றை ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி, மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். அசனத்திற்குச் சமைக்கத் தெரிந்த சபைக்கு ஆயிரம் பேருக்குக் கஞ்சி காய்ச்சுவது கடினமன்று.

விசுவாசத்தைப் பற்றி வாய் திறந்து பேசுவதையும் சபை கற்றுக்கொள்ள வேண்டும். தோர்ணக்கலில் ஞானஸ்நானம் பெறுவோர் தங்கள் தலைமேல் கை வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தை அறிவியாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லும்படி அசரியா பழக்கினார். பேசுவது ஊழியக்காரரின் வேலை மட்டுமன்று என்பதை அது ஒவ்வொருவருக்கும் உணர்த்தியது. தன் வாழ்க்கையில் கிறிஸ்து செய்ததை எளிய சொற்களில், கேட்கப்படும்போது, ஐந்து நிமிடத்தில் சொல்லக் கற்றுக்கொள்ளும்படி சபையாரைப் பழக்குங்கள். மற்றச் சமயத்தாரின் தெய்வங்களை இழித்துப் பேசுவதை எந்தச் சூழலிலும் அனுமதிக்காதீர்கள். அயலாரின் கோயில் கொடை விழாவும் நோன்பும் அவர்களுக்கு எவ்வளவு அருமையானவை என்பதை அறிந்தவனுக்கே தன் விசுவாசத்தைப் பேசும் தகுதி உண்டு. உதவியையும் மதமாற்றத்தையும் எவ்வகையிலும் பிணைக்கக் கூடாது. படிப்பு மையத்திற்கு வரும் பிள்ளை கடைசிவரை இந்துவாகவே இருந்தாலும் அதற்கான வரவேற்பு ஒரு சிறிதும் குறையலாகாது. ஒலிபெருக்கியைத் தெருவை நோக்கித் திருப்பி வைப்பதும் சாட்சியன்று. நோயாளியும் தேர்வு எழுதும் பிள்ளையும் இருக்கும் தெருவுக்கு அது தொந்தரவே.

ஒருவர் தானாக வந்து ஞானஸ்நானம் வேண்டுமென்று கேட்டால், மகிழ்ச்சியில் அவசரப்படாதீர்கள். பல மாதங்கள் ஆயத்த வகுப்பு வையுங்கள். அவருடைய குடும்பத்தாரையும் போய்ச் சந்தியுங்கள். சட்டத்திற்கு உட்பட்ட எல்லாவற்றையும் வெளிப்படையாகச் செய்யுங்கள். அதைவிட முக்கியமானது, அவரை ஏற்கச் சபை ஆயத்தமாயிருக்கிறதா என்பது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ், விசுவாசத்தின் பொருட்டு வீடும் நிலமும் இழந்தவர்களுக்கு இடம் வாங்கிக் குடியமர்த்துவதற்காக 1830இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். இன்று வருகிறவர் வீட்டை இழக்காமல் இருக்கலாம். ஆனால் நல்லது கெட்டதற்கு வந்து நிற்கும் சொந்தங்களை இழக்கக்கூடும். அவருடைய மகளுக்கு வரன் பார்க்கும்போது நம்மில் யார் முன்வருவோம் என்பதைக் கமிட்டி நேர்மையாகப் பேசியிருக்க வேண்டும். அங்கே பின்வாங்கும் சபை, அவருக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தைப் பாதியில் நிறுத்திவிட்டது என்றே சொல்வேன்.

தேர்தலும் ஆண்டு மீளாய்வும்

சபைகளின் பலத்தை உறிஞ்சுவதில் தேர்தல் கட்சிப் பிரிவுக்கு நிகர் வேறில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தல், அணி சேர்ப்பிலும் நீதிமன்ற வழக்கிலும் முடிந்து, இரண்டு ஆண்டுகள் ஆராதனையையே கசப்பாக்கிவிடுவதுண்டு. தேர்தலுக்கு முந்திய ஞாயிறன்று போட்டியிடும் அனைவரும் ஒன்றாக முழங்காற்படியிட்டுத் திருவிருந்து பெறுவதும், முடிவு வெளியான மறுவாரமே தோற்றவர்களில் தகுதியானவரைப் புதிய கமிட்டி ஒரு பணிக்கு அழைப்பதும் பல கசப்புகளை முளையிலேயே கிள்ளிவிடும். பணம் கொடுத்து வாக்கு வாங்கியது தெரிய வந்தால், வென்றவர் யாராயிருந்தாலும் அதைப் பேசாமல் விடக்கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை, லெந்து எனப்படும் தவக்காலம் தொடங்கும் முன், சபையார் எல்லோரையும் ஒரு ஞாயிறு மாலை கூட்டுங்கள். கமிட்டி அறிக்கை வாசித்துக் கைதட்டும் கூட்டமாக அது இருக்க வேண்டாம். பத்துப் பத்துப் பேராக வட்டமாக உட்கார வையுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் முதியவரும் இளைஞரும், பல தெருக்களைச் சேர்ந்தவர்களும் கலந்திருக்கட்டும். இந்த ஆண்டு ஆராதனையில் உங்களுக்குக் கடினமாக இருந்தது எது, எப்போது நீங்கள் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தீர்கள், நம் அயலார் நம்மைப் பற்றி என்ன சொல்கிறார்கள், நாம் சந்திக்காமல் விட்ட வீடு எது என்ற கேள்விகளைக் கொடுத்து, முதலில் பெண்களும் இளைஞரும் பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். சபைக்கு வெளியே இருக்கும் நண்பர் இருவரை, ஊரின் மருத்துவரையோ மாற்றுச் சமயத்து ஆசிரியரையோ, அழைத்து அவர்கள் காண்பதைச் சொல்லச் செய்தால் இன்னும் நல்லது. சொல்லப்பட்டவற்றில் மூன்றை மட்டும் தெரிந்து, பொறுப்பாளர் பெயரும் முடிக்க வேண்டிய மாதமும் குறித்து, தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஆராதனையிலேயே வாசித்து ஜெபியுங்கள். அடுத்த ஆண்டு கூட்டம், அந்த மூன்றும் என்னவாயின என்பதிலிருந்து தொடங்கட்டும்.